என்னிடம் இல்லாதவரை பத்திரம்

வீடு வாங்கப் போகிறவனுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வில்லங்கம் போட்டுப் பார், மூலப்பத்திரத்தைக் கேள், வாசல் எந்தத் திசை என்று கவனி, அக்கம்பக்கம் எப்படி என்று விசாரி என்பார்கள். எந்த மாதத்தில் போய்ப் பார்க்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நான் வேளச்சேரியில் வீடு பார்த்தது 2019 ஜூன் மாதத்தில்.

அந்த ஜூனைச் சென்னைக்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஐ.டி. கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. சில ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டையே நிறுத்தினார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தண்ணீர் லாரி டிரைவருக்குத் தெருவே எழுந்து நின்று வணக்கம் சொன்ன காலம். அந்தச் சமயத்தில் வீடு வாங்குகிறவன் வேறென்ன கேட்பான்? "தண்ணீர் உண்டா?" என்று கேட்டேன்.

புரோக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இந்த ஏரியாவுல தண்ணிக்கு மட்டும் பஞ்சமே வராது."

புரோக்கர் வாயிலிருந்து இவ்வளவு சுத்தமான உண்மை வந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தரைத்தளம், இரண்டு படுக்கையறை. பின்னால் ஜன்னலைத் திறந்தால் ஒரு பெரிய காலி மனை. "காத்து எப்படி அள்ளிட்டு வருது பாருங்க" என்றார். அள்ளிக்கொண்டுதான் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலிருந்து. அது ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடந்ததாம். அதில் பெரும்பகுதியை நகரம் விழுங்கிவிட்டது. மிச்சமிருப்பதற்கு 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கடல் பொங்கியிருக்கும் நாளில் "கொஞ்சம் பொறு" என்று அது தண்ணீரை நிறுத்தி வைக்கும். பொறுத்திருக்கும் தண்ணீருக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமே. அது தன் பழைய இடத்துக்குத்தான் வரும். அங்கே நான் சோபா போட்டிருந்தேன்.

குடிபோனபோது வீட்டுக்குள் நுழைய இரண்டு படி ஏற வேண்டும். பிறகு தெருவில் ரோடு போட்டார்கள். ஒரு படி போயிற்று. இன்னொரு முறை போட்டார்கள். வாசலும் ரோடும் சமமாகிவிட்டன. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு சுற்றறிக்கையே அனுப்பினார். எங்கள் தெரு அதற்கு முன்பே போதுமான உயரத்தை எட்டிவிட்டது. வீட்டின் விலை ஏறுகிறதோ இல்லையோ, ரோடு ஏறிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி. "முட்டிவலிக்குப் படி இல்லாத வீடா அமைஞ்சுதேப்பா" என்பாள்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கரையோரமாக நின்று நிதானித்துப் போகப் போகிறது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேகமாகப் போகிற புயலைவிட நிதானமாகப் போகிற புயல்தான் ஆபத்து என்று நான் வீட்டாருக்கு விளக்கினேன். விளக்கம் முடிந்ததும் மனைவி, "அப்போ என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

அரிசிச் சாக்குகளில் எம்-சாண்ட் நிரப்பி, வாசலில் மூன்று வரிசை அடுக்கினேன். அதன் மேல் தார்ப்பாய். இடுக்குகளில் பழைய புடவை. வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீரைப் பார்த்தேன். வரட்டும் பார்க்கலாம் என்று நாற்காலியை வாசலுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். நள்ளிரவு தாண்டி மின்சாரம் போயிற்று. டார்ச்சை வாசல் பக்கமே அடித்துக்கொண்டிருந்தேன். சாக்கு அசையவில்லை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"என்னங்க," என்று இருட்டில் மனைவியின் குரல். "பாத்ரூம்ல யாரோ வாய் கொப்புளிக்கிற மாதிரி சத்தம் கேக்குது."

போய்ப் பார்த்தேன். தரையில் தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்த சல்லடை மூடி மெல்ல எழும்பித் துள்ளியது. அதன் கீழிருந்து கறுப்பாகத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்தது. முதலில் ஒரு கரப்பான்பூச்சி, அடுத்து இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை. தெருவில் இருக்கும் தண்ணீர் தெரு வழியாகத்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாக்கடைக் குழாய் வழியாக, எங்கள் பில்டர் போட்டுக் கொடுத்த ராஜபாட்டையில் அது உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் அடுக்கிய மூட்டைகளின் உறுதி அப்புறம்தான் தெரிந்தது. உள்ளே வந்த தண்ணீரை அவை வெளியே விடவே இல்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் ஒரு குடும்பத்தில் யாருக்கு எது முக்கியம் என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. பையன் டி.வி.யைக் கழற்றினான். மனைவி மிக்ஸியையும் மாவு அரைத்த பாத்திரத்தையும் தூக்கினாள். நான் வீட்டுக்கடன் ஃபைலைத் தூக்கினேன். எல்லாவற்றையும் பரணில் போடலாம் என்று நிமிர்ந்து பார்த்தால் இடமில்லை. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அண்டாக்கள், பையனின் தொட்டில், ஓடாத டேபிள் ஃபேன், கைப்பிடி இல்லாத சூட்கேஸ், எதற்கென்று தெரியாத அட்டைப்பெட்டிகள். வருடக்கணக்காக யாரும் தொடாத அத்தனை சாமானும் மேலே சொட்டு ஈரமில்லாமல் சுகமாக உட்கார்ந்திருக்க, தினமும் புழங்குகிற ஒவ்வொன்றும் கீழே நனைந்துகொண்டிருந்தது.

ஃபிரிட்ஜ் மிதக்கும் என்று எனக்குத் தெரியாது. மிதக்கிறது. முதலில் லேசாக ஆடியது, பிறகு மல்லாந்து படுத்தது, பிறகு நகர்ந்துபோய்ச் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டது. காலி சிலிண்டர் கூடத்துக்கு வந்து சோபாவை இடித்தது. மேல்வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று.

மேல்வீட்டுக்காரரோடு எனக்கு ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு முழம் யாருடையது என்பது தகராறு. அந்த ஒரு முழம் இப்போது நான்கடி ஆழத்தில் கிடந்தது. லுங்கியை மடித்துக் கட்டி, ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். "வாங்க சார், ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார். உள்ளே மூன்று பேருக்குப் பாய் விரித்து, மூன்று டம்ளர் எடுத்து வைத்திருந்தது. எதிரி நம்மைப் பற்றி இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மா அப்போது திருச்சியில் தங்கை வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டில் சேதமில்லாமல் தப்பிய முதல் ஆள் அவள்தான்.

மின்சாரம் வரவில்லை. டவர் இல்லை. பால் பாக்கெட்டைச் சொன்ன விலைக்கு வாங்கினோம், அதுவும் கிடைத்த அன்று மட்டும். கடைசியில் படகு வந்தது. நான் ஏறத் தயங்கினேன். எதிர்வீட்டு மாடியில் வரிசையாக செல்போன்கள் என்னையே பார்த்தன. "ஏறுங்கப்பா, காரப்பாக்கத்துல ஆமிர் கானையே போட்லதான் கூட்டிட்டுப் போனாங்களாம்," என்றான் பையன். ஆமிர் கான் லுங்கியும் ஃபைலுமாக ஏறியிருக்க மாட்டார். படகு பெருங்குடிப் பக்கம் மேடான இடத்துக்கு வந்ததும் செல்போன் சிணுங்கியது. டவர் வந்துவிட்டது. ஊரில் எத்தனையோ உறவுக்காரர்கள் கவலையோடு இருந்திருப்பார்கள். முதலில் வந்து சேர்ந்த செய்தி வங்கியுடையது. வீட்டுக்கடனுக்கான மாதத் தவணை, 5ஆம் தேதி, கணக்கில் கழிக்கப்பட்டது. வீடு தண்ணீருக்குள் இருந்தது. தவணை கரையேறிவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் வெள்ளம் ஆரம்பிக்கிறது என்பார்கள் வேளச்சேரியில். தண்ணீர் இலவசமாக வந்தது. அதை வெளியேற்றுவதில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் பில் உண்டு. சம்ப்பில் கலந்த சாக்கடையை இறைக்க டீசல் மோட்டார் வாடகை, சேறு அள்ள ஆள் கூலி, பிளீச்சிங் பவுடர், உப்பிப்போன கதவுக்கு ஆசாரி, ஸ்விட்ச் போர்டுக்கு எலெக்ட்ரீஷியன். வாஷிங் மெஷினைப் பார்க்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்ததற்கு ஐந்நூறு வாங்கிக்கொண்டார்.

கார் வேறு ரகம். அதன் சீட் வரைக்கும் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. வந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "சார், ஸ்டார்ட் பண்ணீங்களா?" இல்லை என்றேன். "நல்லா யோசிச்சு சொல்லுங்க." இல்லவே இல்லை என்றேன். இழுத்துப்போன வண்டிக்காரரும் அதையே கேட்டார். இன்ஷூரன்ஸ் சர்வேயர் அதையே மூன்று விதமாகக் கேட்டார். தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சாவி போட்டுக் கிளப்பினால், பிஸ்டன் தண்ணீரை நெருக்கப் பார்க்கும், தண்ணீர் நெருங்காது, உள்ளே கம்பி வளைந்துவிடும். அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகக் கொஞ்சம் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாத உத்தமன் என்பதை நிரூபிக்க எனக்குச் சாட்சி ஒருவரும் இல்லை. மேல்வீட்டுக்காரர் முன்வந்து, "சார் வண்டிய நல்ல நாள்லயே ஸ்டார்ட் பண்ணத் தெரியாம நின்னுட்டிருப்பார்" என்று வாக்குமூலம் கொடுத்தார். சர்வேயர் அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று சர்வேயர் போகிறபோக்கில் விசாரித்தார். உண்டு என்றேன். எடுத்துப் பார்த்தால் அது என் உயிருக்கு. கடன் வாங்கும்போது வங்கியில் எடுக்கச் சொன்னது. நான் போனால் வங்கிக்கு நஷ்டம் வராது. வீடு போனால் நான் இருப்பேன், தவணை கட்டுவேன். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரு பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறதாம். வெள்ளமும் அதில் சேர்த்தி. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் நூற்றுக்கு இருபது, 10 லட்சம் ரூபாய் வரைக்கும், உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் தானாகச் சேர்ந்துவிடும். இதையெல்லாம் சர்வேயர் நிதானமாக விளக்கினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஈர மெத்தையில் உட்கார்ந்து கேட்கும்போது எதுவும் நன்றாக மனதில் பதிகிறது.

அரசாங்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. டிசம்பர் 17 முதல் ரேஷன் கடையில் டோக்கன்படி பணம். வருமான வரி கட்டுகிறவர்களும் சர்க்கரை கார்டுக்காரர்களும் என்ன பாதிப்பு என்று எழுதி, வங்கிக் கணக்கு எண்ணோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் இரண்டுமே. ரேஷன் கடை எங்கே இருக்கிறது என்பதையே மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனேன்.

வரிசையில் தெரிந்த முகங்கள் நிறைய. எங்கள் தெருவின் ரிட்டயர்டு பேராசிரியர் என்னைப் பார்த்ததும், "எங்க வேலைக்காரம்மாவுக்காக வந்தேன், அவங்களுக்கு எழுதத் தெரியாது" என்றார். "நானும் அதுக்குத்தான்" என்றேன். பின்னால் நின்ற பல் டாக்டரும் வேலைக்காரம்மாவுக்காகத்தான் வந்திருந்தார். இவ்வளவு பெரிய மனசுக்காரர்கள் ஒரே தெருவில் இருப்பது எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது டோக்கன் வரிசையிலிருந்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கையை ஆட்டிக் கூப்பிட்டார். "சார், அது இல்ல சார் உங்க லைனு! டோக்கன் இல்லாதவங்க அந்தாண்ட! அம்மா ஆதார் ஜெராக்ஸ் குடுத்து விட்டாங்களா?"

பேராசிரியர் வானத்தைப் பார்த்தார். மேகமில்லை.

பாதிப்பு விவரம் எழுதுகிற இடம் இரண்டு வரிதான் இருந்தது. நான் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, மெத்தை என்று ஆரம்பித்து, ஓரத்தில் திரும்பி, மார்ஜினில் ஏறி, பின்பக்கம் போய், ஷூ ரேக்கில் முடித்தேன். வாங்கிய பையன் படித்துவிட்டு, "சார், எல்லாருக்கும் அதே ஆறாயிரம்தான்" என்றான்.

ஆக மொத்தம், மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி வங்கிக்குப் போயிற்று. பவுன் 47,000 ரூபாய் சுமாருக்கு விற்ற நேரம். மதிப்பில் நூற்றுக்கு 75 வரைதான் கடன் தரலாம் என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் வரம்பு. வீட்டுக்கடன் கொடுத்த அதே கிளையில், பக்கத்து கவுன்ட்டர். உரசிப் பார்த்தவர் சங்கிலியை உறையில் போட்டு ஒட்டி, எண் எழுதி, இரும்பு அலமாரிக்குள் வைத்தார். அந்தக் கிளை முதல் மாடியில் இருப்பதை மனைவி மட்டும் கவனித்தாள்.

2024 அக்டோபரில் மறுபடியும் எச்சரிக்கை. 16ஆம் தேதிக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். இந்த முறை வேளச்சேரி விழித்துக்கொண்டது. எச்சரிக்கை வந்ததுமே ஆளாளுக்குக் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தில் ஏறி ஓரமாக நிறுத்த ஆரம்பித்தார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு புரளி வந்தது. அதெல்லாம் இல்லை என்று போலீஸே மறுத்த பிறகு இன்னும் நாலு வண்டி ஏறியது. எங்கள் காரையும் பையன் கொண்டுபோய் நிறுத்தினான். புது ஃபிரிட்ஜை நான்கு பேர் பிடித்து மேல்வீட்டுக்கு ஏற்றினோம். ஃபைல், பத்திர நகல், பையனின் மார்க் ஷீட் எல்லாம் அண்ணா நகரில் மச்சான் வீட்டுக்குப் போயின. அம்மா திருச்சிக்கு. பாத்ரூம் சல்லடையைப் பலகை வைத்து, ரப்பர் ஒட்டி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். பால், ரொட்டி, மெழுகுவத்தி, தண்ணீர் கேன் என்று கையிருப்பு கரைந்தது.

15ஆம் தேதி கொட்டியது. நான் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தேன். 16ஆம் தேதி விடிந்தது. பத்து மணிக்கு வெயில். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே விலகிப் போய் மறுநாள் அதிகாலையில் கரையைக் கடந்துவிட்டதாக டி.வி.யில் சொன்னார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். செலவழித்ததைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முகத்தில் அது சரியாக வரவில்லை.

ஃபிரிட்ஜைக் கேட்டு மேலே போனேன். உள்ளே அவர்கள் வீட்டுப் பூ, பீன்ஸ், இட்லி மாவு எல்லாம் குடியேறியிருந்தன. "இருக்கட்டும் சார், மழை டிசம்பர் வரைக்கும் இருக்கே. இங்க இருந்தாத்தான் பத்திரம்," என்றார். மச்சானும் போனில் அதையே சொன்னார். அம்மாவும் திருச்சியிலிருந்து அதையே சொன்னாள்.

"சங்கிலியையாவது மீட்டுடலாமா?" என்றேன் மனைவியிடம். வட்டியும் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் பேப்பரை என் பக்கம் திருப்பினாள். பவுன் 57,000. "வட்டி போனாப் போகட்டும், பவுனுக்குப் பத்தாயிரம் ஏறியிருக்கு. இந்த வீட்டுல உசந்தது ரெண்டே ரெண்டு, ஒண்ணு வெளிய இருக்கிற ரோடு, இன்னொண்ணு பாங்க்ல இருக்கிற என் சங்கிலி."

"அது பீரோவில் இருந்திருந்தாலும் இதே விலைதானே ஏறியிருக்கும்?" என்று பொருளாதாரம் பேசினேன்.

"பீரோவுல இருந்திருந்தா இந்நேரம் வித்து காருக்கு எஞ்சின் வாங்கியிருப்பீங்க."

இதற்குப் பொருளாதாரத்தில் பதில் இல்லை. வீடு வங்கியிடம், நகை வங்கியிடம், கார் பாலத்தில், ஃபிரிட்ஜ் மாடியில், ஃபைல் மச்சானிடம், அம்மா தங்கையிடம். நமக்குச் சொந்தமானது நம்மிடம் இல்லாதவரை அதற்கு ஒரு குறையும் வராது என்று தரைத்தளத்தில் குடியிருக்கிற எவனும் புரிந்துகொள்வான். மீதி இருந்தது நான் ஒருவன்தான்.

"உங்களையும் எங்கயாவது பத்திரமா ஒப்படைச்சுட்டா நிம்மதி," என்றாள் மனைவி. "யாரு வாங்கிப்பாங்கன்னுதான் தெரியல."

பையன் செல்போனிலிருந்து நிமிராமலே சொன்னான்: "அப்பாவைத்தான் ஏற்கெனவே பாங்க்ல வெச்சாச்சேம்மா, 2039 வரைக்கும்."